ஐபிஎல் பணம் எங்கிருந்து வருகிறது, டேட்டா எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஏலத்தின்போதும் அதே கேள்விகள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகின்றன. ஒரே ஆளுக்கு 27 கோடி கொடுத்தால் எப்படிக் கட்டுபடியாகும்? டிக்கெட் விற்று இதை எடுத்துவிட முடியுமா? லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு டக்அவுட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன வேலை? ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

படிக்கத் தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐபிஎல்லில் பத்து அணிகளுக்கும் வருகிற பணத்தில் பெரும்பகுதி சமமாகப் பங்கிடப்படுகிறது. வீரர்களுக்குச் செலவழிக்கும் தொகைக்கும் ஒரே உச்சவரம்புதான். காசைக் கொட்டி எதிரணியை அமுக்க வழியில்லை. டேட்டாவுக்கு இங்கே இவ்வளவு மரியாதை வந்ததற்குக் காரணம் இதுதான்.

ஓர் ஐபிஎல் ஆட்டத்தின் விலை என்ன?

ஒளிபரப்பு உரிமை மட்டும் சுமார் 118 கோடி ரூபாய். 2022 ஜூன் மாத ஏலத்தில், 2023 முதல் 2027 வரை ஐந்து சீசன்களுக்கான உரிமை, 410 ஆட்டங்கள் என்ற கணக்கில், 48,390 கோடிக்குப் போனது. இந்தியாவுக்கான டிவி உரிமையை 23,575 கோடிக்கு டிஸ்னி ஸ்டார் எடுத்தது. செல்போனிலும் இணையத்திலும் காட்டும் உரிமை வயாகாம்18க்குப் போனது. அதன் முதன்மைத் தொகுப்புக்கு மட்டும் 20,500 கோடி. இரண்டு அணியும் 20 ஓவர் முழுதாக ஆடினால் 240 பந்து. வகுத்துப் பாருங்கள், ஒரு பந்துக்கு 49 லட்சம் வருகிறது.

இதற்கு முந்தைய ஐந்தாண்டுக்கு ஸ்டார் கொடுத்தது 16,347.5 கோடி. 2008இல் தொடர் தொடங்கியபோது சோனியும் வேர்ல்ட் ஸ்போர்ட் குரூப்பும் பத்து ஆண்டுக்கும் சேர்த்து ஒப்புக்கொண்டது ஏறத்தாழ 100 கோடி டாலர், அன்றைய மதிப்பில் நாலாயிரம் கோடி ரூபாய். அன்று பத்தாண்டுக்குப் பேசிய தொகை இன்று அரை சீசனுக்குக்கூடக் காணாது.

அந்தப் பணம் யார் யாருக்குப் போகிறது?

ஒளிபரப்புப் பணமும், டாடா போன்ற தொடர் ஸ்பான்சர்கள் தரும் பணமும் முதலில் ஒரு பொதுக் கணக்கில் சேரும். டாடா நிறுவனம் 2024 முதல் 2028 வரை பெயர் உரிமைக்காக ஒப்புக்கொண்டது 2,500 கோடி, ஆண்டுக்கு 500 கோடி. இந்தப் பொதுக் கணக்கில் ஏறக்குறைய பாதியை இந்தியக் கிரிக்கெட் வாரியமான பிசிசிஐ வைத்துக்கொள்கிறது, மறுபாதி அணிகளுக்கு. அதில் பெரும்பங்கு சமமாகவும், சிறு பங்கு புள்ளிப்பட்டியலில் பிடித்த இடத்துக்கு ஏற்பவும் பிரியும்.

இதுபோக டிக்கெட், ஜெர்சியில் வரும் விளம்பரம், தொப்பி, சட்டை விற்பனை ஆகியவை அந்தந்த அணியின் சொந்த வருமானம். சேப்பாக்கம் எவ்வளவு நிரம்பி வழிந்தாலும் ஒரு சீசனில் சொந்த மண்ணில் கிடைப்பது ஏழு லீக் ஆட்டம்தான். டிக்கெட் வருமானத்துக்கு அதற்குமேல் நீளம் கிடையாது. மைதானத்தில் மஞ்சள் கடல் தெரிவது டிவிக்காரருக்குத்தான் அதிகம் உதவுகிறது. அந்தக் காட்சிதான் வீட்டில் இருப்பவரைத் திரைமுன் உட்கார வைக்கிறது.

கோப்பை வென்றால்தான் அணிக்கு லாபமா?

இல்லை. வென்ற அணிக்குப் பரிசு 20 கோடி. பொதுக் கணக்கிலிருந்து ஆண்டுதோறும் வரும் பங்கோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. பெங்களூரு அணி 2008 முதல் 17 சீசன் கோப்பையில்லாமல் ஆடி, 2025இல்தான் முதன்முறை வென்றது. கோப்பை இல்லாத அந்தக் காலத்திலும் அதன் சந்தை மதிப்பு பெரிதும் ஏறியது.

அணிகளின் விலை இப்படி ஏறக் காரணம் என்ன?

2008 ஜனவரியில் எட்டு அணிகள் ஏலம் போயின. மும்பை 11.19 கோடி டாலர். சென்னையை இந்தியா சிமென்ட்ஸ் 9.1 கோடி டாலருக்கு, அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 360 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அதையும் பத்து ஆண்டில் தவணையாகக் கட்டினால் போதும். 2021 அக்டோபரில் புதிதாக இரண்டு அணி சேர்த்தபோது லக்னோவுக்கு ஆர்பிஎஸ்ஜி குழுமம் 7,090 கோடியும், அகமதாபாத்துக்கு சிவிசி கேபிடல் 5,625 கோடியும் கேட்டன.

காரணம் எளிது. இடம் பத்துதான். கடைசி இடத்தில் முடித்தாலும் யாரும் கீழ் டிவிஷனுக்கு இறக்கமாட்டார்கள். ஐரோப்பியக் கால்பந்தில் ஒரு கிளப் ஒரே மோசமான சீசனால் கீழே போய்ப் பாதி வருமானத்தை இழக்கலாம். இங்கே அந்தப் பயம் இல்லை. வருமானம் உறுதி, வீரர்ச் செலவுக்கு உச்சவரம்பும் உண்டு. முதலீட்டாளருக்கு இதைவிட என்ன வேண்டும்?

எல்லோருக்கும் ஒரே பர்ஸ் என்றால் ஏலத்தில் யார் ஜெயிக்கிறார்கள்?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

2025 சீசனுக்கான பர்ஸ், அதாவது ஓர் அணி வீரர்களுக்குச் செலவழிக்கக்கூடிய மொத்தத் தொகை, 120 கோடி. அதிகபட்சம் 25 வீரர்கள், அதில் வெளிநாட்டவர் எட்டுப் பேர், களத்தில் இறங்கும் பதினோரு பேரில் நான்கு பேர். 25 பேரையும் எடுத்தால் தலைக்குச் சராசரி 4.8 கோடி. 2024 நவம்பரில் ஜெத்தாவில் நடந்த மெகா ஏலத்தில் லக்னோ ரிஷப் பண்டுக்கு 27 கோடி கொடுத்தது. பர்ஸில் 22.5 சதவீதம் ஒரே ஆளுக்குப் போனது. மீதி 24 இடத்தையும் 93 கோடியில் நிரப்ப வேண்டும். ஆக 27 கோடி அதிகமா குறைவா என்று தனியாகக் கேட்பதில் பொருளில்லை. அந்தப் பணத்தால் வேறு எந்த மூன்று பேரை இழந்தோம் என்று கேட்க வேண்டும்.

வெளிநாட்டவர் நான்கு பேர் என்ற விதியால் ஏழு இடத்துக்கு இந்தியர் கட்டாயம். டெத் ஓவர் எனப்படும் கடைசி ஓவர்களைப் போடத் தெரிந்த இந்திய வேகப்பந்து வீச்சாளர், நடுவரிசையில் இறங்கி முதல் பந்திலிருந்து அடிக்கும் இந்திய பேட்டர், பேட்டும் பிடிக்கும் இந்திய விக்கெட் கீப்பர் ஆகியோர் எண்ணிக்கையில் குறைவு. விலை திறமையைவிட இந்தப் பற்றாக்குறையைத்தான் அதிகம் பின்தொடர்கிறது. நடுவரிசை இந்திய பேட்டர் ஒருவரின் விலை உலகப் புகழ்பெற்ற வெளிநாட்டுத் தொடக்க ஆட்டக்காரரைத் தாண்டிப் போவதைப் பார்த்து ஆச்சரியப்படுகிறோமே, அது இதனால்தான்.

ஆகவே ஏலத்தில் ஜெயிப்பவர் அதிகம் கொடுத்தவர் அல்லர். மற்ற ஒன்பது மேசைக்கும் தெரியாத ஒன்றை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தவர். சாய் சுதர்சனை 2022இல் குஜராத் அடிப்படை விலையான 20 லட்சத்துக்கு எடுத்தது. 2023இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கான டிஎன்பிஎல் ஏலத்தில் கோவை அணி அவருக்கு 21.6 லட்சம் கொடுத்தது. நம்மூர்த் தொடர் அவரை ஐபிஎல்லைவிட அதிகமாக மதித்தது. அதே சாய் 2025 ஐபிஎல்லில் 759 ரன் எடுத்து, அதிக ரன் எடுத்தவருக்கான ஆரஞ்சு தொப்பியை வென்றார். அதற்கு முன்பே குஜராத் அவரை 8.5 கோடிக்குத் தக்கவைத்திருந்தது.

எதிர்த்திசையிலும் நடக்கும். சின்னப்பம்பட்டி நடராஜனை 2017இல் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. அடுத்த ஆண்டு ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. 2020 சீசனில் யார்க்கர்களைக் குவித்து இந்திய அணிக்கே போனார். 2025க்கு டெல்லி கொடுத்தது 10.75 கோடி. வருண் சக்கரவர்த்தியின் கதையும் இதே மாதிரிதான். 2019 சீசனுக்கு 20 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 8.4 கோடிக்குப் போனார். பஞ்சாபுக்கு ஒரே ஆட்டம்தான் ஆடினார். அடுத்த ஏலத்தில் கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்தது. 2024இல் கொல்கத்தா கோப்பை வென்றபோது அவர் 21 விக்கெட் எடுத்திருந்தார். சில டஜன் ஓவர்களைப் பார்த்துவிட்டு ஒரு மனிதருக்கு விலை சொல்ல வேண்டியிருப்பதால்தான் இந்த ஏற்ற இறக்கம்.

27 கோடியும் வீரரின் கைக்கு வருமா?

அது ஒரு சீசனுக்கான சம்பளம், வரி போகத்தான் கைக்கு வரும். 2025 முதல் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனியாக 7.5 லட்சம் ஊதியமும் உண்டு. 30 லட்சத்துக்கு எடுக்கப்பட்ட இளைஞருக்கு இது பெரிய மாற்றம். நான்கு ஆட்டம் இறங்கினாலே 30 லட்சம் சேர்ந்துவிடும். மினி ஏலத்தில் வெளிநாட்டு வீரரின் கைக்குப் போகும் தொகைக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஏலம் போனால் உபரி பிசிசிஐயின் வீரர் நல நிதிக்குப் போகும்.

பந்து பந்தாக என்ன குறித்துவைக்கிறார்கள்?

ஸ்கோர்கார்டில் நமக்குத் தெரிவது ரன்னும் விக்கெட்டும். டக்அவுட்டில் லேப்டாப்போடு இருக்கும் அனலிஸ்ட் குறிப்பது பந்து விழுந்த இடம், வேகம், எந்த பக்கம் எவ்வளவு திரும்பியது, பேட்டர் ஆடிய ஷாட், பந்து பேட்டின் நடுவில் பட்டதா விளிம்பில் பட்டதா, ஃபீல்டர்கள் எங்கே நின்றார்கள் என்பதெல்லாம். ஒவ்வொன்றும் வீடியோவோடு இணைக்கப்பட்டிருக்கும். "ஆறாவது ஓவருக்குள், இடதுகை சுழலுக்கு எதிராக, இவர் ஸ்வீப் ஆடிய பந்துகளை மட்டும் காட்டு" என்றால் நொடியில் வரிசையாக ஓடும்.

பந்தின் பாதையைக் கேமராக்களால் பின்தொடரும் ஹாக்-ஐ 2001இல் லார்ட்ஸில் நடந்த இங்கிலாந்து–பாகிஸ்தான் டெஸ்டின் ஒளிபரப்பில் அறிமுகமானது. ரசிகருக்குப் படம் காட்ட வந்தது, பிறகு நடுவர் தீர்ப்பின் மறுஆய்வுக்கும் அணிகளின் திட்டமிடலுக்கும் அடிப்படையாகிவிட்டது.

இந்தத் துறையில் சென்னைக்கு உண்மையான பங்கு உண்டு. ஸ்போர்ட்ஸ்மெக்கானிக்ஸ் என்ற சென்னை நிறுவனம் இந்திய கிரிக்கெட்டில் இந்த வேலையை ஆரம்பித்துவைத்தவற்றுள் ஒன்று. பிரசன்னா அகோரம் தென்னாப்பிரிக்க அணிக்குப் பல ஆண்டு அனலிஸ்டாக இருந்தார். சூப்பர் கிங்ஸின் லட்சுமி நாராயணன் தொடக்க காலம் முதலே அந்த அணியோடு இருப்பவர். கேமரா இவர்கள் பக்கம் திரும்புவதே அபூர்வம். திரும்ப வேண்டும் என்பது என் ஆசை.

சராசரி, ஸ்ட்ரைக் ரேட் போதாதா?

போதாது. டெஸ்ட் ஆட்டத்தில் தட்டுப்பாடு விக்கெட்டுக்கு. டி20யில் தட்டுப்பாடு பந்துக்கு. 120 பந்துக்குள் பத்து விக்கெட்டையும் செலவழிக்கலாம், அதாவது 12 பந்துக்கு ஒரு விக்கெட் போனாலும் கணக்குச் சரியாகிவிடும். 30 பந்தில் 33 ரன் எடுத்தவரின் சராசரி அழகாகத் தெரியும். ஆனால் அவர் அணியின் பந்துகளில் கால்வாசியைத் தின்றிருக்கிறார். 8 பந்தில் 20 அடித்து அவுட்டானவர் பல நாள் அணிக்கு அதிகம் கொடுத்திருப்பார்.

அடுத்து, எந்த ஓவரில் எடுத்த ரன் என்று பார்க்க வேண்டும். பவர்பிளே எனப்படும் முதல் ஆறு ஓவரில் வட்டத்துக்கு வெளியே இரண்டு ஃபீல்டர்தான். அங்கே 140 ஸ்ட்ரைக் ரேட், அதாவது நூறு பந்துக்கு 140 ரன், சாதாரணம். ஏழு முதல் பதினைந்து வரை, ஐந்து பேர் எல்லைக்கோட்டில் நிற்கும்போது, சுழலுக்கு எதிராக அதே 140 அரிது. பந்துவீச்சாளருக்கும் இப்படித்தான். 18ஆவது, 20ஆவது ஓவர் போடுபவரின் எகானமி, அதாவது ஓவருக்குக் கொடுத்த ரன், 9 என்றால் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டும். எட்டாவது ஓவர் போடுபவருக்கு அதே 9 சுமார்தான். அணிகள் ஒரு வீரரின் எண்ணை, அதே சூழலில் மற்றவர்கள் எடுத்த எண்ணோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கின்றன. டிவியில் காட்டும் சராசரிப் பட்டியல் இதைச் சொல்வதில்லை.

மேட்ச்-அப் என்கிறார்களே, அது என்ன?

எந்தப் பேட்டருக்கு எந்த வகைப் பந்துவீச்சு ஆகாது என்று பார்த்து ஆளை மாற்றுவது. பொதுவாகப் பேட்டரின் உடலிலிருந்து விலகிப்போகும் சுழல் அடிக்கக் கடினம். இடதுகை பேட்டர் வந்தவுடன் ஆஃப் ஸ்பின்னரைக் கொண்டுவருவதும், உடனே எதிரணி வலதுகை பேட்டரை முன்னே அனுப்புவதும் இதனால்தான்.

சுனில் நரைனைக் கொல்கத்தா 2017இல் தொடக்க ஆட்டக்காரராக இறக்கியது இந்தச் சிந்தனையின் நீட்சி. அவர் விக்கெட் விழுந்தால் நட்டம் பெரிதில்லை, நின்றால் பவர்பிளே கையில். 2024இல் அவர் எடுத்தது 488 ரன். அஸ்வின் 2022 ஏப்ரல் 10 அன்று லக்னோவுக்கு எதிராக, அவுட்டாகாமலே வெளியேறி ரியான் பராகுக்கு இடம்விட்டதையும் இங்கே சொல்ல வேண்டும். ஐபிஎல்லில் உத்தியாக ஒருவர் அப்படி ரிட்டயர்ட் அவுட் ஆனது அதுவே முதல்முறை. மீதிப் பந்துகளை யார் ஆடினால் அணிக்கு லாபம் என்று கணக்கிட்டு, தன் ரன்னைப் பொருட்படுத்தாமல் நடந்த அந்தத் துணிச்சல் எனக்கு இன்றும் வியப்பு.

ஒரு எச்சரிக்கை. "இவரிடம் 14 பந்தில் மூன்று முறை அவுட்" என்று திரையில் போட்டால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். 14 பந்து எதற்கும் சான்றாகாது. அந்த வகைப் பந்துவீச்சு முழுவதற்கும் எதிராகச் சில நூறு பந்து ஆடியிருந்தால் அந்த எண் பேசும்.

டேட்டா ஆட்டத்தைக் கெடுத்துவிட்டதா?

மாற்றியிருக்கிறது. 2022இல் 200ஐத் தொட்ட ஸ்கோர்கள் 18. ஆட்டத்தின் நடுவே ஒருவருக்குப் பதில் இன்னொருவரை இறக்கவிடும் இம்பேக்ட் பிளேயர் விதி வந்த 2023இல் 37, 2024இல் 41. அந்த ஆண்டு ஹைதராபாத் பெங்களூருவுக்கு எதிராக 287 எடுத்தது; கொல்கத்தாவின் 261ஐப் பஞ்சாப் எட்டுப் பந்து மீதமிருக்க எட்டிப்பிடித்தது. விக்கெட்டுக்கு அஞ்ச வேண்டாம் என்று கணக்கு ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தது, கூடுதலாக ஒரு பேட்டர் கிடைத்தவுடன் அந்தத் தயக்கமும் போய்விட்டது.

எனக்கு இதில் மனக்குறை உண்டு. பந்துவீச்சாளர் வெறும் பந்து போடும் இயந்திரமாகிவிடக் கூடாது. ஆல்ரவுண்டர்கள் நான்கு ஓவர் போட வாய்ப்பில்லாமல் உட்காருவது இந்திய அணிக்கே கேடு. ரோகித் சர்மாவும் இந்த விதி தனக்குப் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். குறை டேட்டாவில் இல்லை, விதியில். விதி எப்படியோ, டேட்டா அப்படி ஆடச் சொல்லும்.

மழை வந்தால் இலக்கை யார் கணக்கிடுகிறார்கள்?

1992 உலகக் கோப்பை அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் தேவைப்பட்டது. மழை நின்றபின் ஒரே பந்துதான் மிச்சம். அந்த அநியாயத்துக்குப் பின் வந்ததுதான் டக்வொர்த்–லூயிஸ் முறை. 1997 ஜனவரி முதல் நாள் ஜிம்பாப்வேயில் முதலில் பயன்பட்டது. கையில் இருக்கும் ஓவரையும் விக்கெட்டையும் சேர்த்து ஒரே வளமாகக் கணக்கிடுகிறது. கேரளப் பொறியாளர் ஜெயதேவன் உருவாக்கிய விஜேடி முறையை டிஎன்பிஎல்லில் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இவ்வளவு பணம் இருக்கும் நாட்டில் ரஞ்சி வீரருக்கு எவ்வளவு?

ரஞ்சி என்பது மாநில அணிகள் மோதும் உள்நாட்டுத் தொடர். அதில் 20 ஆட்டம் வரை ஆடியவருக்கு நாளொன்றுக்கு 40,000. 40 ஆட்டம் வரை 50,000. அதற்கு மேல் 60,000 என்று 2021இல் உயர்த்தினார்கள். லீக் சுற்றில் ஏழு ஆட்டம், ஒவ்வொன்றும் நான்கு நாள். ஒன்றுகூட விடாமல் ஆடும் புதியவருக்கு 11.2 லட்சம், மூத்தவருக்கு 16.8 லட்சம். ஐபிஎல் ஏலத்தில் குறைந்தபட்ச அடிப்படை விலையே 30 லட்சம். ஐபிஎல் பணம்தான் ரஞ்சிக்கும் சோறு போடுகிறது என்பது உண்மை. ஆனால் 28 நாள் வெயிலில் நின்று ஆடுபவரின் முழு சீசனும், ஏலத்தில் பெஞ்சில் உட்கார எடுக்கப்பட்டவரின் குறைந்தபட்ச விலையில் பாதியளவே வருவதை ஏற்க முடியவில்லை. இதை உயர்த்த பிசிசிஐயிடம் தாராளமாகப் பணம் இருக்கிறது.

மற்ற நாட்டு வாரியங்கள்?

சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐசிசியின் 2024–27க்கான வருவாய்ப் பங்கீட்டில் இந்தியாவுக்கு 38.5 சதவீதம். இங்கிலாந்துக்கு 6.89, ஆஸ்திரேலியாவுக்கு 6.25, இலங்கைக்கு 4.52. வருமானத்தை ஈட்டித் தருவது இந்தியச் சந்தைதான் என்ற வாதத்தை மறுக்க முடியாது. ஆனால் ஆட எதிரணி வேண்டுமே. டிரென்ட் போல்ட் 2022இல் நியூசிலாந்து வாரிய ஒப்பந்தத்திலிருந்து விடுவித்துக்கொண்டார். 2025 ஜூனில் நிக்கோலஸ் பூரன் 29 வயதில் சர்வதேச ஆட்டத்தை விட்டார். இவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சில வாரத்தில் கிடைக்கும் லீக் சம்பளத்துக்கு ஈடாக அவர்களின் வாரியங்களால் தர முடியவில்லை.

வெளிநாட்டு லீக் அணிகளில் பலவும் ஐபிஎல் உரிமையாளர்களிடம்தான். தென்னாப்பிரிக்காவின் எஸ்ஏ20யில் ஆறு அணியும் ஐபிஎல் உரிமையாளர்களுடையவை. சென்னையின் சன் குழுமம் ஹைதராபாத், ஈஸ்டர்ன் கேப் அணிகளோடு, 2025இல் இங்கிலாந்தின் ஹண்ட்ரட் தொடரில் லீட்ஸ் அணியை முழுதாகவே சுமார் 10 கோடி பவுண்டுக்கு வாங்கியது.

பெண்கள் தொடரில் பணம் இருக்கிறதா?

2023இல் தொடங்கிய டபிள்யூபிஎல்லின் ஐந்து அணிகள் சேர்ந்து 4,669.99 கோடிக்குப் போயின. ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை 951 கோடி. முதல் ஏலத்தில் ஸ்மிருதி மந்தனா 3.4 கோடி. டேட்டா பக்கம் இன்னும் வேலை பாக்கி. உள்ளூர்ப் பெண்கள் ஆட்டங்கள் பெரும்பாலும் படம் பிடிக்கப்படாததால் நல்ல வீராங்கனைகள் ஏலப் பட்டியலில் எவர் கண்ணிலும் படாமல் போகிறார்கள்.

2027க்குப் பிறகும் உரிமைத் தொகை இப்படியே ஏறுமா?

எனக்கு ஐயம் இருக்கிறது. 2022இல் டிவியும் டிஜிட்டலும் இரண்டு எதிரிகளிடம் போனதால்தான் விலை அவ்வளவு ஏறியது. 2024 நவம்பரில் அந்த இரண்டு எதிரிகளும் ஜியோஸ்டார் என்ற ஒரே நிறுவனமாகிவிட்டார்கள். ஏலத்தில் விலையேற இரண்டு கை வேண்டும். போதாக்குறைக்கு, 2025 ஆகஸ்டில் வந்த இணைய விளையாட்டுச் சட்டத்தால் கற்பனை அணி அமைத்துப் பணம் கட்டி ஆடும் ஃபேன்டஸி செயலிகள் நின்றன. கிரிக்கெட் இடைவேளை விளம்பரங்களில் அவர்கள் பங்கு பெரிது. இந்திய அணியின் ஜெர்சியிலிருந்தே டிரீம்11 என்ற அத்தகைய செயலியின் பெயர் போயிற்று. வெளிநாட்டுப் பெருநிறுவனம் ஏதாவது மூன்றாவது கையாக வந்தால் கதை மாறும்.

நானே இந்த டேட்டாவைப் பார்க்க முடியுமா?

முடியும், இலவசமாக. கிரிக்‌ஷீட் என்ற தளம் ஐபிஎல், டெஸ்ட், ஒருநாள், பெண்கள் ஆட்டங்கள் என்று ஆயிரக்கணக்கான ஆட்டங்களைப் பந்து பந்தாகத் தருகிறது. பந்து விழுந்த இடமோ வேகமோ அதில் இருக்காது. யார் போட்டார், யார் ஆடினார், எத்தனை ரன், எப்படி அவுட் என்பவை இருக்கும். அதுவே நிறைய. எக்செல் தெரிந்தால் போதும், பைத்தான் தெரிந்தால் இன்னும் நல்லது. உங்களுக்குப் பிடித்த பேட்டரின் ரன்களைப் பவர்பிளே, நடு ஓவர், கடைசி ஐந்து ஓவர் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அந்த சீசனின் பொது ஸ்ட்ரைக் ரேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்து, அவர் ரன் எடுக்காமல் விட்ட டாட் பந்துகளை எண்ணுங்கள். அடுத்த ஏலத்தில் யாருக்கு எவ்வளவு போகும் என்று உங்களால் ஓரளவு முன்பே சொல்ல முடியும்.